அடுப்பில்லாதவன் வாங்கிய விறகு

வடகடலில் காற்று நின்ற இரவு
ரோட்டர்டாமில், ஒன்பதாம் மாடியில்,
நான்கு திரைகளுக்கு முன்னால் நான்.
விற்பதில்லை, வாங்குவதுமில்லை.
எந்த விலைக்குக் காய்ச்சல் என்று
கணக்குப் பார்த்துச் சொல்வது என் சம்பளம்.
எல்லை தாண்டினால் கட்டம் சிவக்கும்.
அந்தச் சிவப்பைத் தேர்ந்தவன் நான்தான்.

முதலில் எரிவாயு.
ஒரு குழாயை மூடப்போகிறார்களாம்.
மூடினார்களா என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.
மதியத்துக்குள் ஆனை விலை.
மாலைக்குள்
அம்பாரியும் பாகனும் சேர்ந்த விலை.

வெஸ்ட்லாந்தில் ஹார்மென் தன் கண்ணாடிக்கூடத்தில்
தக்காளிச் செடிகளின் மேல் எரிந்த விளக்குகளை
வரிசை வரிசையாக அணைத்தான்.
முன்பே பேசி வைத்திருந்த வாயுவைத்
திருப்பி விற்றாலே லாபம் அதிகம்.
"இந்த வருஷம் நான் பயிரிட்டிருப்பது ஒன்றுமில்லை,
நல்ல மகசூல்" என்றான் தொலைபேசியில்.
சிரித்தானா என்று தெரியவில்லை.

பிறகு நிலக்கரி சிவந்தது.
நிலக்கரிக்கு ஒன்றும் ஆகவில்லை.
சுரங்கம் இடியவில்லை, கப்பல் மூழ்கவில்லை.
வாயு கட்டுப்படியாகாதவர்கள் கரி எரிப்பார்கள் என்று
வாழ்நாளில் கரியைத் தொடாதவர்கள்
வாங்கினார்கள்.
ரைன் நதி வேறு வற்றிக் கிடந்தது.
லீஸ்பெத் தன் படகில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஏற்றி
தரை தட்டாமல் ஊர்ந்தாள்.
குறைந்த சுமைக்குக் கூடுதல் கூலி.
அதுவும் போய் விலையில் ஏறிக்கொண்டது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.
பந்தியில் கடைசி இலைக்கு என்ன செலவோ
அதையே முதல் இலைக்கும் வாங்குவது
அதன் வழக்கம்.

இரண்டு விலைகள் கூட நடந்தால் உறவு.
ஒன்று ஓட,
ஏன் என்று தெரியாமலே இன்னொன்று
மூச்சிரைக்கப் பின்னால் ஓடினால்
தொற்று.
அறிக்கையில் அந்தச் சொல்லைப்
பதினொரு முறை எழுதினேன்.
மேலாளர் இரண்டை அடித்துவிட்டு
"ஓசை அதிகம்" என்றார்.

சிலேசியாவில், கரிக்கிடங்கின் வாசலில்,
போகுமிலா தன் காரிலேயே மூன்று இரவு தூங்கினாள்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிய வரிசை எண்
அழிந்துவிடுமென்று
கை கழுவவில்லை.
என் திரையில் அவளுக்குக் கட்டமில்லை.

லாட்வியாவில் ஐகார்ஸின் பிர்ச் மரங்கள்
நின்ற நிலையிலேயே இருமுறை கை மாறின.
மரத்துக்குத் தெரியாது
தான் இப்போது வாயுவின் சொந்தக்காரன் என்று.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து
ஸ்கீடாமில் ஒரு கடைக்குப் போனேன், பல்பு வாங்க.
வாசலில் மரத்தூள் விறகு, மூட்டை மூட்டையாக.
முன்னால் நின்றவர் ஆறு எடுத்தார்.
பின்னால் நின்றவர்
மிச்சத்தை எண்ணினார், உதடசைய.
நான் நான்கு எடுத்தேன்.
டிராமில் மடியில் ஒன்று, காலடியில் மூன்று.
என் வீட்டில் அடுப்பில்லை.
கணப்பில்லை. புகைபோக்கி கூட இல்லை.
பல்பு வாங்க மறந்துவிட்டேன்.

குளிர்காலம் வந்தது என்று சொன்னார்கள்.
பாதிநாள் சன்னலைத் திறந்து வைத்திருந்தோம்.
கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின,
வாயு முதலில், வெட்கமே இல்லாமல்.
விறகுக்கு மட்டும் யாரும் சொல்லியனுப்பவில்லை போல,
ஏப்ரல் வரை சிவந்தே நின்றது.

குமிழி வெடிக்கும் என்பார்கள்.
என்னுடையது வெடிக்கவில்லை.
நிலவறை ஈரத்தைக் குடித்து
ஊதி, உப்பி, மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டு
வெறும் மரத்தூளாகத்
தரையில் உட்கார்ந்திருந்தது.

கீழ்வீட்டு யோலந்தா வந்தாள்.
முயல் கூண்டுக்குப் படுக்கையாகப் போடலாமா?
எடுத்துக்கொள், எல்லாவற்றையும்.
இரண்டு வாளி நிரப்பிவிட்டு நிமிர்ந்தாள்.
என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்றாள்.

முயலின் பெயரைக் கேட்டேன்.